பாப்பா என்கிற பெயர்

போன மாதம் அத்தையை அழைத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். மாமா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவர் பெயரில் ஒரு வைப்புத் தொகை இருந்தது. அதற்கான தாளில் நாமினி என்ற இடத்தில் மாமா தன் கையெழுத்தில் ‘பாப்பா’ என்று எழுதியிருந்தார். உறவுமுறைக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அத்தையின் ஆதார் அட்டையில் இருப்பதோ வேறு பெயர்.

கவுன்டரில் இருந்த இளைஞர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தப் பாப்பா யாரும்மா, பேத்தியா? மைனரா இருந்தா கார்டியன் வந்து கையெழுத்துப் போடணும்” என்றார்.

அத்தைக்கு 76 வயது. காதில் பாம்படம் போட்டு வளர்ந்த துளை தொங்கும். மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே, “நான்தான் தம்பி பாப்பா” என்றார்.

அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் விதியைக் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு ஆறவில்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்தில் அத்தையிடம் விதைக்கடலை கடன் கேட்பார்கள். பிரசவ வலி எடுத்தால் ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள். சண்டைக்கு நியாயம் சொல்லக் கூப்பிடுவார்கள். எழுபத்தாறு வருடம் உழைத்துத் தேய்ந்த பெயர் அது. ஒரு தாளில் அது குழந்தையின் பெயராகத் தெரிந்துவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அத்தைக்கு ஏன் பாப்பா என்று பெயர் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது வழக்கம். அத்தைக்கும் அப்படித்தான் வைத்தார்கள். ஆனால் அத்தையைப் பெற்ற என் அப்பாயிக்கு அது மாமியார் பெயர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பெயர் ஒரு அம்மன் பெயரும்கூட. கும்பிடப் போனாலும் அப்பாயி அந்த அம்மனை ‘ஏரிக்கரையா’ என்றுதான் சொல்வார். சாமி பெயரையே சொல்லாதவர் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்? இன்னொரு சங்கடமும் உண்டு. பிள்ளை என்றால் திட்ட வேண்டியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி “ஏன்டி, எங்கடி போய்த் தொலைஞ்ச” என்று வாசலில் நின்று கத்தினால், உள்ளே வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் கிழவி சும்மா இருப்பாளா? ஆக, பாப்பா.

இது எங்கள் வீட்டு விஷயம் மட்டுமில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் செல்லப் பெயர் வந்த வழி இதுதான். கொஞ்சுவதற்காக வந்த பெயர் என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். கொஞ்சலும் உண்டுதான். ஆனால் பல இடங்களில் அது சொல்லக்கூடாத ஒரு பெயரைச் சுற்றிப் போவதற்கான பாதை. தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும், மாமனார் மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கமும் ஒரே வீட்டில் இருந்தால், நடுவில் ஒரு பாப்பாவோ தம்பியோ பிறந்தே தீரும். அடுத்தது பெண்ணாகப் பிறந்தால் முதல் பெண் பெரிய பாப்பா, அடுத்தவள் சின்னப் பாப்பா. பெரிய பாப்பாவுக்குப் பேரன் எடுத்த பிறகும் அது மாறாது.

சொல்லும் லேசான சொல் இல்லை. பாப்பா என்றால் குழந்தை. அதே சொல் கண்ணின் நடுவில் இருக்கும் கருவட்டத்துக்கும் பெயர். தெலுங்கிலும் அப்படியே: ‘பாப’ என்றால் குழந்தை, ‘கண்டிபாப’ என்றால் கண் பாப்பா. யாருடைய கண்ணையாவது மிக நெருங்கிப் பார்த்தால் உங்கள் உருவம் பொடிசாக அதற்குள் நிற்கும். அந்தப் பொடி உருவம்தான் பாப்பா. பழைய தமிழில் அதைப் பாவை என்றார்கள். பாவை என்றால் பொம்மை, இளம்பெண், கண்மணிக்குள் இருப்பவள். வள்ளுவரின் காதலன் ‘கருமணியிற் பாவாய்நீ போதாய்’ என்று கண்ணுக்குள் இருப்பவளைப் பார்த்துச் சொல்கிறான்: நீ வெளியே போ, என் காதலிக்கு இடம் வேண்டும். கண்ணுக்குள் குடியிருக்கும் அளவுக்குச் சின்னவள், ஆனால் அவள் இல்லாமல் பார்வையே இல்லை. லத்தீன்காரர்களும் அந்தக் கருவட்டத்துக்குச் சின்னப் பெண் என்றே பெயர் வைத்தார்கள். சமஸ்கிருதத்தில் ‘கனீனிகா’வும் அதேதான். உலகத்தில் பல மூலைகளில் மனிதர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் உற்றுப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

மூன்று வருடம் முன்பு அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே வந்த நர்ஸ் பெண், “பாப்பா நல்லா விரியணும், கண்ணை மூடிட்டு உட்காருங்க” என்றது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏன் தாயி, எம் பேரு அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். நான் கண் பாப்பாவைப் பற்றிச் சொன்னேன். மூடின கண்ணோடு கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், “அப்ப எல்லாரு கண்ணுலயும் நான் இருக்கேன்னு சொல்லு” என்றார். அதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

தமிழ்நாட்டில் அதிகம் பேர் பாடிய பாப்பா பாரதியாருடையவள். ‘ஓடி விளையாடு பாப்பா’ பாடாத பள்ளிக்கூடம் இல்லை. பாரதிக்கு இரண்டு பெண்கள். மூத்தவர் தங்கம்மாள். இளையவர் சகுந்தலா, 1908-ல் பிறந்தவர். வீட்டில் சகுந்தலாவைப் பாப்பா என்றுதான் அழைத்தார்கள். பாட்டைக் கேட்டால் பொதுவாக எல்லாக் குழந்தைகளுக்கும் சொன்னது போலத்தான் இருக்கும். ஆனால் புதுச்சேரி வீட்டில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஒரு சின்னப் பெண் இருந்தாள் என்பது தெரிந்த பிறகு, எனக்கு அந்தப் பாட்டு வேறாகத்தான் கேட்கிறது. காக்கை, கோழி, பசு, நாய் என்று கைப்பிடித்துக் காட்டிக்கொண்டே வந்து, திடீரென்று பாதகம் செய்பவரைக் கண்டால் பயப்படாதே, மோதி மிதித்துவிடு, முகத்தில் உமிழ்ந்துவிடு என்கிறார். பெண் குழந்தையிடம் ‘அடக்கமாக இரு’ என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பாப்பா வளர்ந்து, தன் தந்தையைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

அந்த வரிகளை வாழ்ந்து காட்டிய பாப்பா ஒருவர் உண்டு. அவர் எங்கள் ஊர்க்காரர்.

நான் வளர்ந்தது திருச்சி பொன்மலையில். அப்பாவுக்கு ரயில்வே பணிமனையில் வேலை. பணிமனைச் சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள், பள்ளிக்குக் கிளம்புவார்கள். அந்தப் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது. அதோடு கீழைக்கடற்கரையிலிருந்து ஏராளமான குடும்பங்களும் வந்து சேர்ந்தன. காரைக்காலுக்குப் பக்கத்தில் 1931-ல் பிறந்த தனலட்சுமி என்ற பெண் குழந்தையும் கணவனை இழந்த தன் தாயோடு பிழைப்புத் தேடி இங்கேதான் வந்தது. தாயார் ரயில்வே தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். சாப்பிட வந்தவர்கள் சங்கத்துக்காரர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பெண் சங்கத்துக்கும் போனாள். கூட்டத்திலேயே பொடிசு என்பதால் தோழர்கள் வாயில் அவள் பாப்பா. தனலட்சுமி என்ற பெயர் அத்தோடு மறைந்துபோனது. அவர்தான் பாப்பா உமாநாத்.

1946 செப்டம்பர் 5-ம் தேதி, வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில், பொன்மலையில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். இன்றும் அந்த நாளில் பொன்மலையில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துவார்கள். அப்போது பாப்பாவுக்கு 15 வயது. அதற்கு முன்பும் பின்பும் அவர் பார்த்த போராட்டங்களைச் சொல்லப் போனால் முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலம். 1950-ல் சென்னையில் பாப்பாவும் அவர் தாயாரும் கைதானார்கள். சிறைக்குள் உண்ணாவிரதம். அதில் தாயார் இறந்துபோனார். அதே சிறையில் இருந்த மகள் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால், கட்சியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பாப்பா எழுதிக் கொடுக்கவில்லை. தாயின் உடலைக் கடைசி வரை பார்க்கவில்லை. வயது இருபதுகூட ஆகவில்லை.

இதை அப்பா எனக்குச் சொன்னபோது நான் எட்டாம் வகுப்பு. அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் இந்த இடம் வரும்போது குரல் இறங்கிவிடும். “அவங்க பேரு பாப்பா” என்று முடிப்பார். அந்தப் பெயரை அவர் சொல்லும் விதத்தில் சிறுபிள்ளைத்தனம் எதுவும் இருக்காது.

1952-ல் பெரியார் தலைமையில் கட்சித் தோழர் உமாநாத்தைத் திருமணம் செய்துகொண்டார். 1970-களில் தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டியவர்களில் முன்னால் நின்றவர் பாப்பா. 1981-ல் சென்னையில் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் பிறந்தபோதும் இருந்தார். 1989-ல் திருவெறும்பூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். 2010 டிசம்பரில் இறந்தார்.

அந்த 1989 தேர்தல்தான் என் அத்தை கதையோடு சேர்கிறது. அது ஜனவரி மாதம். பொங்கலுக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கு ஒன்பது வயது. சுவரெல்லாம் தேர்தல் விளம்பரம். சந்தைக்குப் போகிற வழியில் ஒரு நீளமான மதில் சுவர். அதில் சுண்ணாம்பு அடித்து, அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் வரைந்து, ஆள் உயரத்துக்குச் சிவப்பில் ‘பாப்பா உமாநாத்’ என்று எழுதியிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அத்தை நின்றுவிட்டார்.

“இன்னொரு தடவ படி.”

படித்தேன்.

“பாப்பான்னா போட்டுருக்கு? எது, எது அந்தப் பாப்பா? காட்டு.”

சுவரில் தொட்டுக் காட்டினேன். அத்தைக்கு அன்றைக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. பையைக் கீழே வைத்துவிட்டு, சுட்டுவிரலால் அந்த முதல் ‘ப’வின் மேல் தடவினார். மேலிருந்து கீழே, குறுக்கே, மறுபடி மேலே. பக்கத்திலேயே துணைக்கால். நடுவில் தலைக்கு மேல் புள்ளி வைத்த ‘ப்’. அப்புறம் முதலில் பார்த்த அதே இரண்டும் மறுபடி. “அட, முதல்ல இருக்குறதே கடைசியிலயும் இருக்கே” என்றார். விரல் நுனியில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. ஒரு பெண்ணின் பெயரை அவ்வளவு பெரிதாக, அதுவும் தன் பெயராக, சுவரில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஓட்டு அங்கே இல்லையே என்று அன்றைக்கு முழுக்கக் குறைப்பட்டுக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. வயல் வேலை முடித்து வந்த பெண்கள் ராத்திரியில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள். சைக்கிள் விடப் பழகினார்கள். அத்தை சைக்கிள் பழகவில்லை, முட்டி ஒத்துழைக்கவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே தன் பெயரை எழுதிவிட்டார். மற்றவர்களுக்கு ‘ழ’வும் ‘ட்சு’வும் இடிக்கும். அத்தைக்குப் ‘ப’வும் காலும் புள்ளியும் தெரிந்தால் போதும். “எனக்குத்தான் சுவத்துலயே பாடம் சொல்லிக் குடுத்தாச்சே” என்பார். அதற்குப் பிறகு அத்தை எங்கும் கைநாட்டு வைத்ததில்லை. ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டை, எல்லாவற்றிலும் பாப்பா என்று எழுதுவார். கடைசிக் காலை மட்டும் கொஞ்சம் நீட்டி விடுவார்.

இப்போது அந்தக் கையெழுத்தைத்தான் வங்கியில் பெயரோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள்.

மேற்கே போனால் பாப்பா பாப்பம்மாள் ஆகிவிடுகிறாள். கொங்குப் பக்கம் வயது ஏற ஏறக் குழந்தைப் பெயரோடு ஒரு அம்மாளைச் சேர்த்துவிடுவார்கள். மரியாதையும் வந்துவிடும், பழைய பெயரும் போகாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் தேக்கம்பட்டியில் இருந்த பாப்பம்மாள் பாட்டியை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். இயற்பெயர் ரங்கம்மாள். 1914-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். ஒரு மளிகைக் கடையை நடத்தி, அதில் மிச்சம் பிடித்த காசில் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார். நூறு வயதைத் தாண்டியும் ரசாயன உரம் போடாமல் தன் நிலத்தில் இறங்கி வேலை செய்தார். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரர்களோடு பழகி, புதிதாக என்ன வந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்வார். பேட்டி எடுக்கப் போனவர்களிடம் ஆட்டுக்கறி பிரியாணி பிடிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, டெல்லியிலிருந்து வந்த பட்டியலிலும் பாப்பம்மாள் என்றுதான் இருந்தது. நூறு வயதைத் தாண்டிய ஒரு விவசாயியை நாடே குழந்தைப் பெயர் சொல்லி அழைத்தது. 2024 செப்டம்பர் 27-ம் தேதி காலமானார்.

அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அத்தை கேட்ட ஒரே கேள்வி, “பத்து ஏக்கரும் அவுக பேருலயே பதிஞ்சிருந்தாகளா?” என்பதுதான். ‘அவுக பேரு’ என்றால் எந்தப் பேரு என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பட்டாவில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது அத்தையைப் போன்றவர்களுக்கு வெறும் எழுத்துச் சமாச்சாரம் இல்லை. சோறு சம்பந்தப்பட்டது.

ஆண்களிலும் பாப்பா உண்டு. வயலின் மேதை பாப்பா வெங்கடராமையா சங்கீத கலாநிதி பட்டம் வாங்கியவர். ஆனால் ஆண்களுக்கு இந்தப் பெயர் பெரும்பாலும் முன்னால் ஒட்டிக்கொள்ளும் அடையாளம்தான், பின்னால் சொந்தப் பெயர் பத்திரமாக நிற்கும். பெண்களுக்கு அது சொந்தப் பெயரை அப்படியே விழுங்கிவிடுகிறது. தாய் மதுரை சண்முகவடிவின் வீட்டில் எம்.எஸ். சுப்புலட்சுமி குஞ்சம்மா. தாய் சந்தியாவின் வீட்டில் ஜெயலலிதா அம்மு. பின்னால் ஊரே அவரை அம்மா என்றது. இந்த இருவருக்கும் வெளியில் அவர்கள் பெயர் பெரிதாக நின்றதால் செல்லப் பெயர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வெளியில் பெயர் எடுக்க வழியில்லாத பெண்ணுக்கு வீட்டுப் பெயரே ஊர்ப் பெயர். தெருவுக்கு ஒரு பாப்பாக்கா, தங்கம்மா, செல்லம்மா, ராசாத்தி, பொட்டு. அவர்களுக்கு வேறு பெயர் உண்டு என்பது தேர்தல் பூத்தில் ஸ்லிப் எழுதுகிறவருக்குத்தான் தெரியும். சில நேரம் இரங்கல் சுவரொட்டி ஒட்டும் நாளில்தான் தெருவுக்கே தெரியவரும். பெரிதாக அச்சிட்ட பெயரைப் பார்த்து, “யாருப்பா செத்தது?” என்று கேட்டுவிட்டு, படத்தைப் பார்த்துத்தான் “ஐயோ, நம்ம பாப்பாக்காவா!” என்று ஓடி வருவார்கள். இது என் கண் முன்னால் நடந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதினால் இன்னொரு இக்கட்டு. ஆங்கில எழுத்தில் பாப்பா, ‘பாபா’ மாதிரியோ அப்பாவைக் கூப்பிடுவது மாதிரியோ ஆகிவிடும். பாப்பா உமாநாத்தைப் பற்றி வடக்கிலிருந்து வரும் கட்டுரைகளைப் படிப்பவர்கள், முதலில் அது ஒரு பெரியவரின் பெயர் என்று நினைத்துவிடுவார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இந்தியில் ‘பாபா’வுக்குத் தாத்தா, பெரியவர், சாமியார் என்று அத்தனை அர்த்தம். இங்கே சின்னப் பெண், அங்கே கிழவர்.

செல்லப் பெயரே வேண்டாம், இயற்பெயரைச் சொல்லி அழைப்பதுதான் பெண்ணுக்கு மரியாதை என்று என் தோழி ஒருத்தி வாதாடுவாள். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. வளர்ந்த பெண்ணைக் கடைசி வரை குழந்தையாக வைத்திருக்கும் தந்திரம் இது என்கிறாள். சில வீடுகளில் அப்படியும் நடக்கிறது. சொத்துப் பேச்சு வந்தால் “பாப்பாவுக்கு என்ன தெரியும்” என்பார்கள். ஆனால் என் அத்தையிடம் போய், பாப்பா உங்கள் பெயர் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அம்மன் பெயர் அவருடைய பாட்டியின் பெயர். இவருக்கு இரவலாக வந்தது, யாரும் அதைச் சொல்லி இவரைக் கூப்பிட்டதில்லை. பாப்பாதான் இவர் உழைத்துச் சம்பாதித்தது. நான் கேட்பதெல்லாம் இரண்டையும் எழுதுங்கள் என்பதுதான். பத்திரம் எழுதும்போதும், ஊர் வரலாறு எழுதும்போதும், கல்லறையில் கல் வைக்கும்போதும். ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் பாதிப் பெண்தான் பதிவாகிறாள்.

சரி, வங்கிக் கதைக்கு வருகிறேன். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் போட்டு, கூடவே கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். சான்று ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த தலையாரி எழுந்து நின்று, “நம்ம பாப்பாக்காவுக்கா? இதுக்கு நான் சாட்சி போடுறேன்” என்றார்.

பத்திரத்துக்கு நீதிமன்றத்துக்கு எதிரில் மரத்தடியில் தட்டச்சு செய்பவரிடம் போனோம். முத்திரைத்தாளில் அவர் வழக்கமான வாசகத்தை மடமடவென்று அடித்து நீட்டினார். நான் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அம்மன் பெயர், அப்புறம் ‘என்கிற பாப்பா’, மாமாவின் பெயர், வயது, கதவு எண்.

அத்தை தாளை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரல் வைத்து, தன் பெயர் இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“இத ஏன் ரெண்டாவதா போட்டுருக்கு?”

“ஆதார்ல இருக்கறதத்தான் முதல்ல போடுவாங்க அத்தை.”

“நான் முதல்ல யாரு?”

நான் தட்டச்சு செய்பவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தார். எனக்குப் பதில் தேவைப்படவில்லை. அந்தத் தாளைக் கழித்துப் போட்டுவிட்டு, இன்னொரு முத்திரைத்தாள் வாங்கி வந்து கொடுத்தேன். ‘பாப்பா என்கிற’ என்று முதலில் வருகிற மாதிரி மறுபடி அடித்துக் கொடுத்தார். சட்டப்படி அதனால் ஒன்றும் குறையாது என்று அவரே சொன்னார்.

அத்தை மரத்தடிப் பெஞ்சில் தாளை வைத்து, என் பேனாவை வாங்கி, கீழே எழுதினார். பா. நிறுத்தி மூச்சு விட்டார். ப். மேலே புள்ளி. அப்புறம் கடைசிப் பா, அதன் காலைத் தாளின் ஓரம் வரைக்கும் நீட்டிவிட்டார்.